தூக்குமேடைக்கு முன் எழுதிய கடிதங்கள்

யுத்தங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தளபதிகளின் நாட்குறிப்புகளையும் அரசாங்க அறிக்கைகளையுமே நாடுகின்றனர். சாதாரணப் படைவீரன் எழுதிய கடிதத்தை வீட்டாரின் கண்ணீருக்குரிய பொருளென்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும், மாண்டவன் எதை நம்பி மாண்டான் என்ற வினாவுக்குச் சில வேளைகளில் அக்கடிதம் ஒன்றே விடை தருகின்றது. வக்கம் அப்துல் காதரின் கடைசிக் கடிதங்கள் அத்தகையவை.

திருவிதாங்கூர்க் கடற்கரையில், சிறையின்கீழுக்கு அருகிலுள்ள வக்கம் என்னும் சிற்றூரில் 1917ஆம் ஆண்டில் காதர் பிறந்தார். தந்தை வாவாக்குஞ்ஞு தோணிக்காரர். அக்கரை முஸ்லிம்களும் நம் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பிள்ளைகளைப் போலவே தந்தையை 'வாப்பா' என்றுதான் அழைக்கின்றனர். மாணவப் பருவத்திலேயே சமஸ்தானக் காங்கிரசின் போராட்டத்தில் ஈடுபட்ட காதர், 1938இல் பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறினார். யுத்தம் அங்கும் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பினாங்கில் நடந்த சுயராச்சியப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்த இளைஞர்களுள் காதரும் ஒருவர்.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று அவரையும் தோழர் சிலரையும் மலபார்க் கரையிலே தானூருக்கு அருகில் இறக்கிவிட்டது. கரையேறிய சிறிது நேரத்திலேயே அவர்கள் பிடிபட்டுச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். விசாரணை நடந்தது, மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1943 செப்டம்பர் 10ஆம் நாள், றமழான் மாதத்து வெள்ளிக்கிழமை அதிகாலையில், காதரும் அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய தோழர்களும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு அப்போது வயது 26.

அதற்கு முந்திய இரவில் தந்தைக்கும், மரண தண்டனையிலிருந்து தப்பிய தோழர் பொனிபேஸ் பெரைராவுக்கும் அவர் எழுதிய கடிதங்களே இன்று நமக்கு எஞ்சியிருக்கின்றன. தந்தைக்கு எழுதியதில் அழுகையில்லை, மன்னிப்புக் கோரலுமில்லை. விடியுமுன் தாம் இறக்கப்போவதைத் தெரிவித்து, மனந்தளராதிருக்குமாறு வேண்டுகின்றார். தாம் எவ்வளவு அமைதியோடு சாவை எதிர்கொண்டார் என்பதை அருகிருந்தோர் வாயிலாக அறியும்போது வாப்பா பெருமைப்படுவார் என்றும் நம்புகின்றார். தோழருக்கு எழுதியதிலோ, தமக்கு முன் உயிர்நீத்தவர்களை எண்ணித் தம் சாவைச் சிறியதாகவே மதிக்கின்றார்.

இங்கே நேர்மையான வாசகர் ஒரு வினா எழுப்பலாம். யப்பானிய ஏகாதிபத்தியத்தின் கப்பலில் வந்தவரை விடுதலை வீரரென்று கொள்வது எங்ஙனம்? வினா நியாயமானதே. அதே யப்பானியப் படைதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைச் சியாம்-பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் சென்று பல்லாயிரவரைப் பலிகொண்டது. அக்கொடுமையை மறைத்து எழுதப்படும் வீரவரலாறு பொய்வரலாறே ஆகும். ஆனால் காதர் தம் உயிரை யப்பானியச் சக்கரவர்த்திக்குக் கொடுக்கவில்லை. அந்நியன் ஆளும் நாட்டில் ஏழைத் தோணிக்காரரின் மகனுக்குத் திறந்திருந்த வழிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றில் அவர் நடந்தார். வழியில் தவறு காணலாம். நோக்கத்தில் காண முடியாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சியுண்டு. 1942 மே மாதத்தில் கொக்கோஸ் தீவில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தம் ஆங்கில அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிராசியன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவர் அவ்வாண்டு ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். அதற்குச் சற்று முன், ஏப்ரல் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை யப்பானியர் மூழ்கடித்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். யுத்தம் நம் வாசலுக்கு வந்துபோனது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

காதரின் வரலாற்றில் நமக்கெனவே அமைந்த பாடம் ஒன்றுமுண்டு. தம்மையும் ஓர் இந்துத் தோழரையும் ஒரே வேளையில் தூக்கிலிடும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்பர். நான்கே ஆண்டுகளில் இந்தியா மதத்தின் பெயரால் பிளவுண்டது. 1990இல் நம் கிழக்குக் கரையிலும் ஒரே மொழி பேசிய அயலவர் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தனர். வக்கத்து முஸ்லிம் இளைஞரின் அந்த வேண்டுகோள் அவர் காலத்தவரைவிட நம்மை நோக்கியே எழுந்ததுபோல் தோன்றுகின்றது.

1998இல் இந்திய அரசு காதருக்கு அஞ்சல் முத்திரை வெளியிட்டது. அது அரசின் நன்றி. எனினும், அந்த இளைஞரின் நெஞ்சை நமக்குக் காட்டுவது முத்திரையன்று. அந்த இரவில் அவர் எழுதிய கடிதமே. அந்நியரைக் கொண்டு பிடிபட்டவரின் எழுத்தை வீட்டில் வைத்திருப்பதும் அந்நாளில் எளிய செயலன்று.

நம் கரையில் அத்தகைய காப்பு மிகக் குறைவு. பெட்டகங்களில் கிடந்த கடிதங்களும் அரபுத்தமிழ் ஏடுகளும் 1978இன் சூறாவளியில் நனைந்தன. 2004 டிசம்பர் 26இல், இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தில், வீடுகளோடு பெட்டகங்களும் போயின. எஞ்சியவை சில வீடுகளின் பரணில் இன்னும் இருக்கலாம். அவற்றைத் தேடிப் படித்துப் பிரதியெடுத்து வைப்பது வல்லுநர் வரும்வரை காத்திருக்க வேண்டிய பணியன்று. ஓர் ஆசிரியரும் பத்து மாணவரும் சேர்ந்தால் ஓர் ஊரின் நினைவைக் காக்கலாம். மக்கள் தம் வரலாற்றைத் தாமே காக்காவிடில், அதைப் பிறர் தம் வசதிக்கேற்பவே எழுதுவர்.