நடிகரைத் தேடி வந்த மைக்

எங்கள் காலத்துக் கல்லூரி நாடகங்களில் மேடைக்கு முன்னால் இரண்டே மைக்குகள்தாம். கதாநாயகன் எங்கே குத்துப்பட்டாலும், கடைசி வசனத்தை மைக் பக்கம் வந்து சொல்லித்தான் சாக வேண்டும்! "டேய், மைக்குக்கு வாடா!" என்று பின்வரிசை கத்தும்.

சினிமாவிலும் ஆரம்பத்தில் இதே கதிதான். தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய 1931-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காமிராவுக்குத் தெரியாத மைக்கை விட்டு நடிகர் விலக முடியாது. பிறகு பின்னணிப் பாட்டு வந்தது, வாயசைப்பது வழக்கமாயிற்று.

அதற்கு உடன்படாதவர் ரெக்ஸ் ஹாரிஸன். 1956-இல் 'மை ஃபேர் லேடி'யை மேடையில் நடித்தவர். பாட்டைப் பேச்சுபோலவே சொல்வார். ஒருமுறைபோல் மறுமுறை சொல்ல மாட்டார். 1964-இல் அது படமானபோது, வாயசைக்க முடியாது என்றுவிட்டார். கம்பியில்லா மைக்கை அவர் டையில் ஒளித்து, நடிக்கும்போதே குரலைப் பதிந்தார்கள். நடிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

இன்றோ நெற்றி முடியோரம் ஒட்டும் குட்டி மைக்! தம்பி தங்கைகளே, நீங்கள் கிசுகிசுத்தாலும் அரங்கம் கேட்கும். உளறினாலும் அதே தெளிவோடு கேட்கும். மைக் சத்தத்தைக் கூட்டும், உச்சரிப்பைத் திருத்தாது. அதற்கு ஒத்திகைதான் வழி.