குவில்ட் தையல்: முதல் துணி

குவில்ட் என்பது மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுதையலால் இணைத்த போர்வை. அமெரிக்க மரபில் மேல்துணி பெரும்பாலும் சிறு துண்டுகளைக் கால் அங்குல விளிம்பு விட்டுத் தைத்து உருவாவது. புதிதாகத் தொடங்குபவர் நெருக்கமாக நெய்த, நடுத்தரக் கனமுள்ள பருத்தியையே வாங்க வேண்டும். வண்ணமும் அச்சும் அதற்குப் பிறகுதான். தையலுக்குத் தையல் 1/16 அங்குலம் பிசகினால் எட்டுத் தையலில் அரை அங்குலம் போய்விடும், மூலைகள் சேரா. பருத்தி தேய்த்த மடிப்பில் நிற்கும். சாட்டின் வழுக்கும், பனியன் துணி இழுபடும்.

பழந்துணியே போதுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலையுடைகளைக் கொண்டு தைத்த குவில்ட்டுகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. வறுமையில் பிறந்த அந்த மேதைமைக்குப் புதுத்துணி தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் தாயிடமிருந்து மகள் எனத் தலைமுறையாகக் கற்றவர்கள். துணி கோணினால் வடிவத்தையே அதற்கேற்ப மாற்றத் தெரிந்தவர்கள். அந்தப் பழக்கம் கைவரும்வரை, பழைய சட்டையில் நையாத முதுகுப் பகுதியை மட்டும் வெட்டி, ஒத்த கனமுள்ள துணிகளோடு சேர்ப்பது நல்லது.

புதுத்துணியை முதலில் நனைத்தால் விறைப்புப் போய் வெட்டுவது கடினமாகும் என்பார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்தால் விறைப்பு திரும்பிவிடும். நனைக்காமல் தைத்துப் பிறகு துவைக்கும்போது வெள்ளைத் துண்டில் ஏறும் சிவப்புச் சாயத்தைப் போக்குவதோ எளிதல்ல.