ஏடும் அச்சும் மின்னெழுத்தும்

தில்லைப் பெருங்கோயிலில் மூவர் முதலிகளின் கையிலச்சினையோடு சேமித்து வைக்கப்பட்டிருந்த தேவாரத் திருவேடுகளைச் செல் அரித்துவிட்ட வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததாம். இராசராச சோழ வேந்தன் வேண்டவும், நம்பியாண்டார் நம்பிகள் இடங்காட்டவும் அவ்வறை திறக்கப்பட்டகாலத்து, புற்று மூடிக்கிடந்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே என்று திருமுறைகண்ட வரலாறு கூறும். இன்று ஓதப்பெறுவன ஏறக்குறைய 800 பதிகங்களேயாம். பூட்டும் இலச்சினையும் கள்வரைத் தடுக்கும், செல்லைத் தடுக்கமாட்டா. ஓலையானது எடுத்து ஓதப்படும்வரையும், இற்றுப்போவதன்முன் வேறோர் ஓலையிற் பெயர்த்தெழுதப்படும்வரையுமே உயிருடையது.

பனையோலை இந்நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் இருநூறு முந்நூறு ஆண்டுகட்குமேல் நிலைத்தல் அரிது. ஆகவே, இன்று கிடைக்கும் பழைய நூல் ஒவ்வொன்றும் பலமுறை பெயர்த்தெழுதப்பட்டே வந்ததாதல் வேண்டும். தலைமுறைதோறும் யாரோ ஒருவர், இந்நூல் எழுதத் தகுவதென்று துணிந்து, எழுத்தாணி பிடித்துப் பல திங்கள் உழைத்திருக்கின்றார். அங்ஙனம் துணிவாரைப் பெறாத நூல் இறந்தது. அதனை ஒருவரும் இகழ்ந்து எறிந்திலர். எழுதாமையே அதற்கு இறுதியாயிற்று. திருஞானசம்பந்தர் அருளிய திருவிடைவாய்ப் பதிகம் திருமுறை ஏடுகளிற் காணப்படாதிருந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்த் திருக்கோயிற் கல்வெட்டினின்று கிடைத்தது. ஏடு கைவிட்டதனைக் கல் காத்தது. ஒரு கொள்கலத்தையே நம்பியிருத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

ஓலைக்குப் பின் வந்தது அச்சு. 1578 ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் தமிழெழுத்தில் அச்சிடப்பட்டதெனினும், நெடுங்காலம் அச்சுப்பொறி பாதிரிமார் கையிலும் அரசினர் கையிலுமே இருந்தது. 1835 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியநாட்டில் அச்சகம் நடத்துதற்கிருந்த தடை நீங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் 1849 ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்று அச்சுப்பொறி கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவர் நாவலர் என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனத்தினின்று பெற்றதும் அச்செலவின்போதே. மடத்தின் பட்டமும் அச்சுப்பொறியும் ஒரே ஆண்டில் ஒருவர் கையை அடைந்தமை, பழைய காவலரும் புதிய கருவியும் ஒருங்குகூடிய காட்சியாகும்.

அச்சு வந்தபின், பதிப்பாசிரியர் என்றொருவர் தோன்றினார். சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1887 இல் சீவகசிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும், ஏடு உதவினோர் பெயரையும் ஏடுகளின் வேறுபாட்டையும் முன்னுரையிலும் குறிப்பிலும் காட்டினர். பாடம் பிழைபட்டால் யாரை வினவுவது என்பது கற்பார்க்குத் தெரிந்திருந்தது. மற்றொருபுறம், அச்சு வாதத்திற்கும் வாய் திறந்துவிட்டது. 1867 இல் திருவருட்பா அச்சாகி வெளிவந்ததும், 1869 இல் நாவலரின் மறுப்பு எழுந்ததும், அதன்பின் துண்டுநூல்கள் மழையெனப் பொழிந்ததும் அறிஞர் அறிவர். அவற்றுட் சில கண்டனங்களின் சொற்கடுமை, இந்நாட் கைப்பேசிப் பூசல்களுக்குச் சிறிதும் இளைத்ததன்று. ஆயினும் கண்டனம் எழுதினோர் அச்சிடுதற்குப் பொருள் தேட வேண்டியிருந்தது. அதனிடையே சினம் ஓரளவு ஆறுதற்கு இடமிருந்தது.

அச்சும் அழியாததன்று. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இதழ்களும் இருந்தன. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் இணையநூற்றொகுதி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எல்லார்க்கும் பொதுவாக வைத்துவருகின்றது. எரிந்ததனை மீட்டல் இயலாதாயினும், எஞ்சியதனை ஓரிடத்தே வைத்து இழக்கும் நிலை அதனால் நீங்குகின்றது.

கணினியிலே தமிழ் புகுந்த வரலாறு சிறிது விரித்துரைக்கத்தக்கது. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணேயன்றி வேறன்று. இன்ன எண் இன்ன எழுத்து என்று பலர் உடன்பட்டாலன்றி, ஒருவர் எழுதியதனை மற்றொருவர் படித்தல் இயலாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் 'முரசு' என்னும் மென்பொருளை ஆக்கியதுமுதல், பல நாட்டிலும் பலர் தத்தம் எழுத்துருக்களை அமைத்தனர். ஒவ்வொன்றும் எண்களை ஒவ்வொரு வகையாற் பங்கிட்டது. ஒருவர் அனுப்பிய மடல், அவ்வெழுத்துரு இல்லாதார் திரையில் உரோமவெழுத்துக் குப்பையாய்த் தோன்றும். திருவாசகத்தை முழுதும் தட்டெழுதி வைத்தோரும், அவ்வெழுத்துரு வழக்கொழிந்தபின் தம் உழைப்பைத் தாமே படிக்கமாட்டாராயினர். செல் அரித்தற்கு நூற்றாண்டுகள் வேண்டும். இவ்வழிவிற்குப் பத்தாண்டே போதுமாயிற்று.

இக்குறையை நீக்கும்பொருட்டு, உலகெங்கும் பரந்திருந்த தமிழார்வலர் மின்மடல் வாயிலாக ஆய்ந்து 'திஸ்கி' என்னும் பொதுக்குறியை வகுத்தனர். 256 இடங்களுள் முற்பாதி உரோமவெழுத்துக்கும் பிற்பாதி தமிழுக்குமாக அமைந்தது அது. 1999 இல் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின்பின், தமிழக அரசு 'தாம்', 'தாப்' என்னும் வேறிரு குறிகளை ஏற்றது. இவற்றின் வேறாக, உலகமொழிகள் யாவற்றையும் ஒரே நிரலில் அடக்கும் ஒருங்குறி 1991 இலேயே தமிழுக்கு 128 இடங்கள் வகுத்திருந்தது. திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தோன்றியவாறே கொம்பு முன்னும் ககரம் பின்னுமாய் நிற்கும். ஒருங்குறியிலோ ஒலிக்கும் முறைப்படி ககரம் முன்னும் கொம்பு பின்னுமாய் நிற்கும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாம் என்னும் இலக்கணநெறிக்கு மாறாக, அகரமேறிய ககரத்தை முதலாக வைத்துப் புள்ளியைப் பின்னர்க் கூட்டுகின்றது ஒருங்குறி என்று குறைகூறினாரும் உளர். அக்குறை பொருளற்றதன்று. எனினும் குறையுடைய பொதுமை, குறையற்ற தனிமையினும் பயனுடைத்து என்பதைக் காலம் காட்டிற்று. 2010 இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. தமிழெழுத்து அனைத்திற்கும் தனியிடம் வகுக்கும் 'டேஸ் 16' என்னும் குறியையும் அதனோடு வைத்துக்கொண்டது.

அவ்வாண்டிலேயே கிரந்தவெழுத்துப் பற்றிய பூசலும் எழுந்தது. சிவாகம ஏடுகள் தென்னாட்டிற் பெரும்பாலும் கிரந்தத்தில் எழுதப்பட்டவை. புதுச்சேரியிலுள்ள சுமார் 11,000 சைவச்சுவடிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2005 இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அவற்றை ஏட்டிலுள்ளவாறே கணினியில் எழுதுதற்குக் கிரந்தம் வேண்டற்பாலதே. ஆனால் எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்துக்களைக் கிரந்தத்துட் சேர்க்கவும், கிரந்தக்குறிகளைத் தமிழோடு கூட்டவும் தனித்தனி முன்மொழிவுகள் வந்தபோது, தமிழறிஞர் பலர் வெகுண்டெழுந்தனர். முடிவில், 2014 இல் கிரந்தம் அவ்வைந்தும் நீங்கலாகத் தனியிடம் பெற்றது. எண்களின் அட்டவணை யொன்று ஒரு மக்களின் தன்மான உணர்ச்சியை இத்துணைக் கிளறியது வியப்பன்று. எழுத்தை எவர் ஆள்வது என்பதே ஆண்டு வினாவாய் நின்றது.

இப்பூசல்களுக்கிடையே ஓசையின்றி நடந்த பணியொன்று உண்டு. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. ஊதியம் கருதாத அன்பர்கள், வேறுவேறு நாடுகளில் இருந்தவாறே, பழைய நூல்களைத் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் இணையத்தில் வைத்தனர். திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரங்களும் அத்தொகுதியிற் சேர்ந்தன. ஒருவரையொருவர் முகமறியாதவர் அவருட் பலர். ஊரும் குலமும் மடமும் கூட்டிவைத்த பழைய கூட்டத்தின் வேறாக, நூலொன்றின்மேல் வைத்த அன்பே கூட்டிவைத்த புதிய கூட்டம் இது.

இன்று கைப்பேசியுடையார் எவரும் எழுதலாம். எழுதியது கணத்திற் பல்லாயிரவர்பாற் செல்லும். தமிழெழுத்தறியாத அயல்நாட்டுச் சைவச் சிறார், தாமறிந்த எழுத்திற் பெயர்த்த தேவாரத்தை நோக்கி ஓதுகின்றனர். பண்ணை ஓதுவார்களின் ஒலிப்பதிவினின்று பழகுகின்றனர். 2020 இல் கொள்ளைநோயால் திருக்கோயில்கள் அடைபட்டிருந்த காலத்து, மதுரைத் திருக்கல்யாணம் இணையவழியே வீடுதோறும் காணப்பட்டது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. திருவீதியில் தேர்வடம் பிடித்த கை பக்கத்திலுள்ளார் கையை உணரும். திரையை நோக்கும் கண்ணுக்கு அஃதில்லை. எனினும் படுக்கையிற் கிடந்த முதியோர்க்கு அத்திரையே அன்று சந்நிதியாயிற்று.

ஐயுறத்தக்கது வேறொன்று. கைப்பேசி வழியே உலவும் திருப்பாட்டுக்களுள், பதிகப்பெயரும் பதிப்பின் பெயரும் இன்றி வருவன பல. சீர் குறைந்தனவும், ஒருவர் வாக்கு மற்றொருவர் வாக்காக ஏறியனவும், யாரோ இந்நாளிற் கட்டிய பாட்டு அடியார் பெயரால் வருவனவும் அவற்றுட் கலந்துள. ஏடெழுதியவனும் பிழைசெய்தான், அவன் பிழை அவ்வோரேட்டளவில் நின்று, வேறேட்டோடு ஒப்பிடத் தெளிந்தது. மின்னெழுத்தின் பிழையோ ஒரு நாளிற் பதினாயிரம் படியாகின்றது. படிகள் யாவும் ஒத்திருத்தலின், ஒப்பிடுவார்க்கும் பிழை புலப்படுவதில்லை.

மதுரைத் திட்டத்தார் இதனை முன்னரே எண்ணினர் போலும். அவர்தம் மின்னூல்களின் முகப்பிலே நூற்பெயரோடு, தட்டெழுதினார் பெயரும் பிழைதிருத்தினார் பெயரும் பொறிக்கப்பட்டிருத்தல் காணலாம். அந்நூல்களை எடுத்துத் தத்தம் பக்கங்களில் இடுவார் பலர், முதற்கண் வெட்டி நீக்குவது அம்முகப்பினையே.