எல்ஏ 1401-இன் பூர்வீகம்

ஒரே விதைக்கு இரண்டு பெயர். அதில்தான் மாட்டிக்கொண்டேன். உப்பைத் தாங்கும் காட்டுத் தக்காளிகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ரஷ், எப்ஸ்டீன் இருவரும் 1976-இல் எழுதிய கட்டுரை கைக்கு வந்தது. கலாபகஸ் தீவுக் கடலோரத்தில் சேகரித்த தக்காளி, கடல்நீர் அளவு உப்பிலும் உயிர் பிழைத்ததாம். விதை எண் எல்ஏ 1401, இனத்தின் பெயர் ‘சீஸ்மனீ’. கலிபோர்னியாவில் டேவிஸ் விதைவங்கியின் பட்டியலைப் புரட்டினால் அதே 1401 ‘கலாபகென்ஸே’. யாரோ சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். பெயரின் வாலிலேயே இடறியது. பழைய இதழ்களில் ‘சீஸ்மனீ’, புதியவற்றில் ‘சீஸ்மனியே’. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. 1925-இல் கியூ தாவரத் தோட்டத்து இதழில் ரைலி வைத்த பெயர் அது. என் குறிப்பேட்டில் ‘சீஸ்மன் என்பவர் நினைவாக’ என்று எழுதிவிட்டு, மனதில் ஒரு மீசைக்காரரோடு பல வாரம் அலைந்தேன். ‘என்பவர்’ என்ற சொல் என் மடமையை நன்றாகவே மூடிக்கொடுத்தது. லத்தீனில் அந்த வசதி கிடையாது. ஆணுக்கு ஒரு வால், பெண்ணுக்கு ஒரு வால்.

லூசி ஈவ்லின் சீஸ்மன் பெண். கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, பெண் என்பதால் இடம் கிடைக்காமல் பூச்சிகளிடம் வந்தவர். லண்டன் மிருகக்காட்சி சாலையின் பூச்சிக் கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தினார்; 1924-இல் ‘செயின்ட் ஜார்ஜ்’ கப்பலில் பசிபிக் பயணம் போனார். ரைலி ஒட்டிய ஆண்வாலைப் பிற்பாடுதான் திருத்தினார்கள்.

வால் தெளிந்தது, 1401 தெளியவில்லை. அடுத்து சார்லஸ் ரிக். தக்காளி மரபியலில் அவரைத் தாண்டி எந்தப் பாதையும் போகாது. 1956-இல் அவர் எழுதிய சிறுகுறிப்பில், காம்பில் கணு இல்லாத கலாபகஸ் தக்காளி ஒன்று வருகிறது. அடுப்படியில் காம்போடு ஒரு தக்காளி இருந்தால் எடுத்துப் பாருங்கள். காம்பில் முட்டி போல ஒரு வீக்கம் தெரியும். பறிக்கையில் ஒடிவது அங்கேதான். ஒட்டிக்கொண்டு வரும் துண்டுக் காம்பு கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்தும். கணு இல்லாத செடியில் பழம் மட்டும் கழன்று வரும். இயந்திர அறுவடைக்கு வேண்டியது அதுதான். ரிக் கண்ட அந்த மரபணு பின்னர் பதப்படுத்தும் ரகங்களுக்குள் போனது. ஆனால் குறிப்பின் தலைப்பில் அவர் அந்தச் செடியை அழைப்பது ‘பிம்பினெல்லிஃபோலியம்’ என்று! அது தென்னமெரிக்கக் கரையில் விளையும் வேறு இனம். ரிக்குக்கே குழப்பம் என்றால் எனக்கென்ன?

வழியில் ஆமைகளிடம் இரண்டு நாள் நின்றுவிட்டேன். இந்தத் தீவு விதைகள் லேசில் முளைக்காது. ராட்சத ஆமைக்குப் பழத்தைத் தின்னக் கொடுத்து, அதன் சாணத்திலிருந்து பொறுக்கிய விதைகள் நன்றாக முளைத்ததை 1961-இல் ரிக்கும் போமனும் எழுதினார்கள்.

பூட்டு திறந்தது 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில். சாரா டார்வின், சாண்ட்ரா நாப், ஐரிஸ் பெரால்டா மூவரும் எழுதியது. தீவுகளுக்கே உரிய தக்காளி ஒன்றல்ல, இரண்டு என்றார்கள். இலை பொடிப்பொடியாகப் பிளந்து, ரோமம் அடர்ந்து நிற்பதைப் பிரித்து ‘கலாபகென்ஸே’ என்று பெயரிட்டார்கள். 1401 அந்தப் பக்கம் போய்விட்டது. சீட்டை யாரும் மாற்றி ஒட்டவில்லை.

பிரித்த செடியும் புதிதல்ல. 1940-இல் முல்லர் அதை சீஸ்மனீயின் ‘மைனர்’ வடிவம் என்றிருந்தார். அந்த ‘மைனர்’ 1847-இல் ஹூக்கர் வைத்தது. ஹூக்கரின் கையில் இருந்ததோ 1835-இல் சார்லஸ் டார்வின் தீவில் பறித்துவந்த செடி. சாரா அவருடைய எள்ளுப்பேத்தி.

இப்போது 2003-க்கு முந்தைய ‘சீஸ்மனீ’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விதை எண்ணைத் தேடி எழுதிக்கொண்டிருக்கிறேன். எண் இருந்தால் எந்த இனம் என்று பட்டியல் சொல்லிவிடும். எண்ணே தராத கட்டுரைகளைத் தனிக்கட்டாகக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.