ஒரே மேடையில் ஃபங்க்கும் ரெகேவும்: பாப் மார்லியின் கடைசி நியூயார்க் இரவுகள்

உறுமி மேளம் முழங்கத் தொடங்கினால் கால் தானாகவே ஆடத் தொடங்கிவிடும். எந்த அடியில் கனம் விழுகிறது என்று அப்போது யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் ஃபங்க், ராக், ரெகே ஆகிய மூன்று மேற்கத்திய இசை வகைகளையும் அடையாளம் காண, அந்தக் கனம் விழும் இடத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இவற்றில் ஃபங்க்கும் ரெகேவும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்ட புகழ்பெற்ற இசை நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1980 செப்டம்பர் 19, 20 ஆகிய இரு இரவுகளில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் அது நடந்தது. நிகழ்ச்சியின் முதன்மைக் குழு, லயனல் ரிச்சி இடம்பெற்றிருந்த 'கொமோடோர்ஸ்'. ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி அவர்களுக்கு முன்னதாகப் பாடினார். அப்போது மார்லி உலகப் புகழின் உச்சியில் இருந்தார். அப்படியிருந்தும் இன்னொரு குழுவுக்கு முன்னால் பாட அவர் ஏன் சம்மதித்தார்?

எண்ணிக்கை நான்கு, கனம் வேறு வேறு

இம்மூன்று இசைகளிலும் பெரும்பாலான பாடல்கள் நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தவை.

ஃபங்க்: முதல் அடியில் கனம் விழும். 1960களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரவுன் இந்த முறையை வளர்த்தெடுத்தார். டிரம்ஸ், பேஸ் கிட்டார், ஊதுகருவிகள் எல்லாம் எங்கே அலைந்தாலும் முதல் அடியில் வந்து சேரும்.

ராக்: 1950களில் புளூஸ், கன்ட்ரி இசைகளிலிருந்து அமெரிக்காவில் பிறந்தது. இரண்டாவது, நான்காவது அடிகள் ஓங்கி ஒலிக்கும். மின்சார கிட்டாருக்கே முன்னிடம்.

ரெகே: 1960களின் இறுதியில் ஜமைக்காவில் உருவானது. இதன் 'ஒன் டிராப்' முறையில் முதல் அடி வெறுமையாக விடப்படும். மூன்றாவது அடியில்தான் டிரம்ஸின் கனம் இறங்கும். கனம் விழாத இடங்களில் கிட்டார் சுருக்கமாக வெட்டி ஒலிக்கும். மார்லியின் 'வேய்லர்ஸ்' குழுவில் டிரம்ஸ் வாசித்த கார்ல்டன் பேரட்டும், பேஸ் கிட்டார் வாசித்த ஆஸ்டன் பேரட்டும் சகோதரர்கள். அந்தக் குழுவின் தாளத்துக்கு இவர்களே முதுகெலும்பு.

மார்லியின் மனக்குறை

ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் உருவானவை. அடிமை முறை ஒழிந்த பின், 1845 முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அடிமைகளின் வழிவந்த மக்களின் துயரையும் மீட்சியையும் மார்லி பாடினார்.

ஆனால் அமெரிக்காவில் அவரை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையின ராக் ரசிகர்கள். 1973இல் வெளிவந்த 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தில், ராக் ரசிகர்களைக் கவர்வதற்காக அமெரிக்க கிட்டார் கலைஞர் வேய்ன் பெர்க்கின்ஸின் வாசிப்பைத் தயாரிப்பாளர் கிறிஸ் பிளாக்வெல் சேர்த்தார். 1974இல் மார்லியின் 'ஐ ஷாட் தி ஷெரிஃப்' பாடலை ராக் கலைஞர் எரிக் கிளாப்டன் பாடி, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

கறுப்பின அமெரிக்கர்களின் வானொலிகளிலோ ஃபங்க்கும் சோல் இசையும்தான் ஒலித்தன. 1973இல் 'ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்' என்ற ஃபங்க் குழுவின் சுற்றுப்பயணத்தில் சேர்ந்த வேய்லர்ஸ், சில நிகழ்ச்சிகளிலேயே நீக்கப்பட்டனர். யாருடைய கதையைப் பாடினாரோ அந்த மக்களிடமே தம் பாட்டு போய்ச் சேரவில்லையே என்பது மார்லியின் மனக்குறை. கொமோடோர்ஸ் நிகழ்ச்சிக்கு வரும் கறுப்பின ரசிகர்களைச் சந்திக்கவே அவர் அந்த மேடைக்கு வந்தார். அந்த ஆண்டு வெளியான 'அப்ரைசிங்' ஆல்பத்தின் 'குட் யூ பி லவ்ட்' பாடலில் நடன இசையின் துடிப்பு இருந்ததற்கும் இந்த ரசிகர்களை எட்டும் எண்ணமே காரணம்.

இரண்டு இரவுகள், ஒரு காலை

முதலில் ராப் கலைஞர் கர்ட்டிஸ் புளோ, அடுத்து மார்லி, நிறைவாக கொமோடோர்ஸ் என்ற வரிசையில் நிகழ்ச்சி நடந்தது. மார்லியின் உடலில் நோய் இருந்தது அரங்கில் திரண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. 1977லேயே அவருடைய கால்விரலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது.

செப்டம்பர் 21ஆம் தேதி சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மயங்கி விழுந்தார். புற்றுநோய் மூளை வரை பரவியிருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. இருந்தும் 23ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில் மேடையேறினார். அதுவே அவருடைய கடைசி நிகழ்ச்சி. எஞ்சிய சுற்றுப்பயணம் ரத்தானது. 1981 மே 11 அன்று மயாமியில் தமது 36ஆவது வயதில் மார்லி காலமானார். அவர் மறைவுக்குப் பின், 1984இல் வெளியான 'லெஜண்ட்' தொகுப்பு, உலகில் மிக அதிகமாக விற்பனையான ரெகே ஆல்பமாக இன்றும் விளங்குகிறது.

அடுத்த முறை திருமண விருந்திலோ கலை இரவிலோ லைவ் பேண்ட் வாசித்தால், ஒன்று முதல் நான்கு வரை மெல்ல எண்ணிப் பாருங்கள். ஒன்றில் டிரம்ஸ் ஒலிக்காமல் மூன்றில் கனமாக இறங்கினால், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மார்லியின் ரெகே.