மலையேறிப் போன பாட்டு

கச்சேரிக்கு வெளியூர்ப் பயணம்னா இன்னைக்கு ஃபிளைட்தான் ஞாபகம் வரும். போடிநாயக்கனூர்க்காரங்களுக்கு மலை ஏறினாலே போதும். போடிமெட்டு தாண்டினா கேரளா. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம் அந்தப் பக்கமே இருந்துவிட்டது. ஆனால் அங்கே தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். இ.எம்.எஸ். அரசுக்கு இருந்ததோ மயிரிழைப் பெரும்பான்மை. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். அவருக்கு ஓட்டு கேட்டு, தொழிலாளர்களின் தமிழிலேயே பாடினார் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். ரோசம்மா ஜெயிச்சார்.

அண்ணனின் குழுவில் பதின்ம வயதிலேயே சேர்ந்த தம்பிதான் இளையராஜா. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அந்த லண்டன் மேடையைக் கொண்டாடும்போது, ஓட்டுக்காகப் பாடின இந்தத் தோட்டத்து மேடையையும் சேர்த்தே சொல்லணும். ஊர் ஊராப் போய்ப் பாடின குடும்பம் அது.