கஞ்சியும் காணியும்

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. நிவாரண வேலையில் மண் சுமந்தவருக்கு ஆங்கிலேய அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த நாள்கூலி ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். கிராமில் சொன்னால் ஏறக்குறைய 450. அந்த ஆண்டுகளில் புதுச்சேரி வட்டாரத்தில் பாரிஸ் மிஷனின் பிரெஞ்சுப் பாதிரிமாரிடம் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சிக்கு மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு இன்றுவரை ஓயவில்லை. பசித்தவன் மனத்தில் விசுவாசம் எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாருக்கு உரிமை உண்டு? கேட்க வேண்டிய கேள்வி வேறு. மழை பொய்த்ததும் முதலில் விழுந்தவர்கள் காணி இல்லாத பண்ணையாட்கள். கஞ்சித்தொட்டி அவர்களை அடுத்த அறுவடைவரை உயிரோடு வைத்தது. அந்த அறுவடை யாருடையது?

இதற்கு விடை தேட முயன்றவர் அதே பாரிஸ் மிஷனைச் சேர்ந்த ரெனே ஃபே, 1896இல் மலாக்கா ஆயரானவர். 1880களில் மலாயாவில், பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை விவசாயிகளாகக் குடியமர்த்தினார். அதே கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் செலவுக் கடனை உழைத்துக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முறை ஒழிய 1910 ஆயிற்று. இரு சாராரும் தமிழர்களே. வேறுபாடு காலடி மண்ணில் இருந்தது.

கஞ்சியைவிட நிலம் பெரிய தூண்டில் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கத்தோலிக்கர் அல்லாத தமிழருக்கு அந்தக் குடியேற்றத்தில் இடமில்லை என்பது குறையே. அதை மழுப்பக் கூடாது. ஆனால் குறை நிபந்தனையில் இருக்கிறது, நிலத்தில் இல்லை. அந்த நிபந்தனை இல்லாத வழியும் பின்னர் மலாயாவில் வந்தது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் லயக் குடியிருப்பும் இழந்தபோது, 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு காணி கிடைக்கவில்லை, பங்குதானே கிடைத்தது என்பாரும் உண்டு. உண்மைதான், ஆனாலும் தொழிலாளியைக் கேட்காமல் தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும் முதலாளி அங்கே இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்கு இன்று சம்பந்தன் பெயர்.  ஆனால் அவருடைய சங்கம் எட்டாத தோட்டங்கள் பின்னர் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கில் பலகை வீடு கட்டின.